மான் வேட்டைக்கு ஒரு மனு

பழைய காலத்தில் அரசர்கள் வேட்டைக்குப் புறப்படுவது மிகவும் சுலபமான காரியமாக இருந்தது. ராஜ்ய பாரத்தில் மகாராஜாவுக்குச் சலிப்புத் தட்டினால் மந்திரியைக் கூப்பிட்டு, "நாளைக்கு வேட்டை!" என்று ஒரு வார்த்தை சொல்வார். மறுநாள் காலையில் தேர் வாசலில் வந்து நிற்கும். மானைத் துரத்திக் கொண்டு போன துஷ்யந்த மகாராஜாவிடம், "எந்தப் பிரதேசத்துக்கு, எந்தத் தேதிக்கு, ஆண் மானுக்கா பெண் மானுக்கா அநுமதிச் சீட்டு வைத்திருக்கிறீர்?" என்று கேட்க அன்று எவரும் இல்லை. "இது ஆசிரமத்து மான், கொல்லாதே!" என்று ஒரு தபஸ்விதான் குறுக்கே வந்து நின்றார்.

இந்தக் காலத்தில் அந்தத் தபஸ்வியின் ஸ்தானத்தில் சர்க்கார் இலாகா ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆகையால் வேட்டை இப்போது அம்பில் ஆரம்பிப்பதில்லை, மனுவில் ஆரம்பிக்கிறது. அப்படி ஒரு மனுவைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டு, பதிலை எதிர்பார்த்துக் கொண்டிருக்கும் நேரத்தில்தான் நாம் இதை எழுதுகிறோம்.

நாம் அரச வம்சத்தைச் சேர்ந்தவரும் அல்ல, வேடர் குலத்தில் உதித்தவரும் அல்ல. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பௌதிகத்தில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்து டென்வர் நகரத்துக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நியூட்டன் விதிகளைச் சொல்லிக் கொடுத்துக் காலக்ஷேபம் செய்து வருகிறோம். வயது நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இதுவரை நாம் குறி பார்த்து எறிந்த ஆயுதம் சுண்ணக்கட்டி ஒன்றே.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை கற்பிக்கும் உபாத்தியாயர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் நாலு நாள் விடுமுறை வந்தால் அவர் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வடக்கே உள்ள வயோமிங் ராஜ்யத்துக்குப் போய்விடுவார். திரும்பி வந்ததும் பனிக்கட்டிப் பெட்டி நிறைய இறைச்சி இருக்கும். முகம் நிறையக் காற்று அடித்த சிவப்பு இருக்கும். சென்ற குளிர்காலத்தில் அவர் நம்மைப் பார்த்து, "இந்த ஆண்டு நீங்களும் வாருங்களேன்" என்றார். பத்து ஆண்டுகளாக அவர் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நாம் சிரித்துவிட்டுப் போயிருப்போம். இந்த முறை ஏனோ சிரிப்பு வரவில்லை. யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு வேட்டைப் பிரயாணத்துக்குள் எத்தனை பிரச்னைகள் அடங்கியிருக்கின்றன என்பது தெரிந்தது.

முதலில், வேட்டைக்குரிய பிராணியைப் பற்றி இரண்டு வார்த்தை. வயோமிங் மைதானத்தில் திரியும் இந்த மானுக்கு ஆங்கிலத்தில் ப்ராங்ஹார்ன் என்று பெயர். கொம்பின் முன்புறம் ஒரு கவை கிளைத்திருப்பதால் நாம் கவைக்கொம்பன் என்று சொல்லிக் கொள்ளலாம். ஊரார் இதை 'ஆன்டிலோப்' என்று அழைத்தாலும், நம் நாட்டு வெளிமானைப் போன்ற உண்மையான இரலை ஜாதி அல்ல இது. தனக்கென்று ஒரு தனிக் குடும்பம் வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே வாரிசு. இன்று உள்ள பிராணிகளில் இதற்கு மிகவும் நெருங்கிய உறவு ஒட்டைச்சிவிங்கி என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் விலங்கியல் அறிஞர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். புள்ளிமான் ஜாதி ஆண்டுதோறும் கொம்பை அடியோடு உதிர்க்கும். இரலை ஜாதி கொம்பை உதிர்ப்பதே இல்லை. இந்தக் கவைக்கொம்பனோ இரண்டுக்கும் நடுவே, உள்ளே இருக்கும் எலும்பை வைத்துக்கொண்டு மேலே இருக்கும் உறையை மட்டும் ஆண்டுக்கொரு முறை கழற்றிப் போடுகிறது.

இதன் ஓட்டம் பிரசித்தமானது. மணிக்கு ஐம்பத்தைந்து மைல் வரை ஓடக்கூடியது. அந்த மைதானத்தில் இப்போது இருக்கும் ஓநாயோ, கோயோட்டி என்னும் குள்ளநரியோ அந்த வேகத்தை எட்டுவதே இல்லை. பிறகு எதற்கு இத்தனை வேகம்? ஜான் பையர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு விடை சொன்னார். பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வரை அமெரிக்காவில் சிவிங்கிப்புலியைப் போன்ற ஒரு பூனை இனம் இருந்தது. அதனிடமிருந்து தப்பவே இந்த மான் இப்படி ஓடக் கற்றது. துரத்தியவன் பூமியை விட்டே போய்விட்டான், ஓடியவன் இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறான் என்பது அவருடைய கொள்கை.

இதைப் படித்தபோது நமக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வல்லநாட்டு மலை இருக்கிறது. அங்கே வெளிமான்கள் உண்டு. 1987-ல் அவற்றுக்காகச் சரணாலயம் ஏற்பட்டது. அந்த வெளிமானும் இப்படித்தான் ஓடும். இந்தியாவில் சமஸ்தானாதிபதிகள் பழக்கிய சிவிங்கிப்புலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கண் கட்டை அவிழ்த்து, வெளிமான் மேல் ஏவி வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் சிவிங்கிப்புலியையே சுட்டுத் தீர்த்தார்கள். 1947-ல் கொரியா சமஸ்தானத்தில் ஒரே இரவில் மூன்று சுடப்பட்டன. 1952-ல் அந்த இனம் இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டார்கள். நடுவே எழுபது ஆண்டுகள் நம் வெளிமானும் இல்லாத எதிரிக்குப் பயந்தே ஓடிற்று.

இப்படிப்பட்ட ஒரு தேசத்திலிருந்து வந்தவர், வெளிமானைத் தொட்டால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்குப் போக வேண்டிய ஊரிலிருந்து வந்தவர், இன்னொரு தேசத்து மைதானத்தில் மானைச் சுடப் புறப்படலாமா? இதுவே நம் பிரயாணத் திட்டத்தில் முதல் கேள்வியாக வந்து நின்றது.

இதற்கு விடை தேடியபோது அந்தத் தேசத்துக் கதையையும் படிக்க நேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் மேற்கே குடியேறுவதற்கு முன் கவைக்கொம்பன்கள் கோடிக்கணக்கில் இருந்தனவாம். ரெயில் வந்தது, துப்பாக்கி வந்தது, இறைச்சி வியாபாரி வந்தான். 1920-க்குச் சற்று முன் பின்னாக, மிஞ்சியவை பதின்மூவாயிரம் என்று கணக்கிட்டார்கள். அதன் பின் தடை போட்டார்கள், சரணாலயம் வைத்தார்கள், பிறகு எண்ணி எண்ணிச் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1937-ல் பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டம் என்று ஒன்று வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி விதித்து, அந்தப் பணத்தை வனவிலங்குகளுக்கே செலவிட வேண்டும் என்பது அதன் சாராம்சம். அந்த வரி இன்று 11 சதவீதம். இப்போது கவைக்கொம்பன்கள் பல லட்சம் இருக்கின்றன. வயோமிங்கில் மனிதர் தொகை ஆறு லட்சத்தைக் கூட எட்டவில்லை. கவைக்கொம்பன்களோ அந்த ஒரு ராஜ்யத்திலேயே சில லட்சம்.

நம் நாட்டில் முழுத் தடை போட்டு மானைக் காப்பாற்றினார்கள். இங்கே அளவு போட்டுக் காப்பாற்றினார்கள். ஜன நெருக்கமும் நிலத்தின் விஸ்தீரணமும் வேறு வேறு. ஆகவே வழியும் வேறு. ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்க வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் மானைக் கெடுத்தது அளவில்லாமை என்பது மட்டும் பொது.

சரி, மனுவுக்கு வருவோம்.

வயோமிங் ராஜ்யத்தைச் சேராதவர் அங்கே மான் வேட்டையாட விரும்பினால் ஜூன் மாதத் தொடக்கத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ராஜ்யம் முழுவதையும் பல வேட்டைப் பிரதேசங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மான்களைக் கணக்கெடுத்து இந்த ஆண்டு இத்தனை சீட்டு என்று தீர்மானிக்கிறார்கள். 2022-23 குளிர்காலத்தில் உறைபனியில் மான்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. உடனே பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் சீட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். மனுதாரர்கள் அதிகமாயிருந்தால் குலுக்கல். வெளியாருக்கு உள்ள சீட்டில் நாலில் மூன்று பங்கு, பல ஆண்டுகளாக 'முன்னுரிமைப் புள்ளி' சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு. மீதி ஒரு பங்கு, நம்மைப் போன்ற புதியவரும் கலந்துகொள்ளும் அதிர்ஷ்டச் சீட்டு. கட்டணம் உள்ளூர்வாசிக்கு 37 டாலர். வெளியாருக்கு 326 டாலர். அதற்கு மேலே திருப்பித் தராத மனுக் கட்டணம் 15 டாலர்.

இந்தத் தொகையை நாம் வாய்விட்டுப் படித்தபோது நம் தர்மபத்தினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த மானை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்களா, நாம்தான் போய்ப் பிடிக்க வேண்டுமா?" என்று கேட்டாள்.

நாமே போக வேண்டும் என்றோம். நிச்சயமாகக் கிடைக்குமா என்றாள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றோம். கிடைத்தால் எத்தனை ராத்தல் தேறும் என்றாள். எலும்பு நீக்கி முப்பது முப்பத்தைந்து ராத்தல் என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் மனத்துக்குள் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். சற்று நேரம் பாத்திரங்கள் மட்டும் பேசிக் கொண்டிருந்தன.

மனுவுக்கு முன்னால் இன்னொரு தடை. 1966 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிய அத்தாட்சி வைத்திருக்க வேண்டும் என்பது வயோமிங் சட்டம். ஆகவே வசந்த காலத்தில் இரண்டு சனிக்கிழமைகள் நாம் மாணாக்கராய்ப் போய் உட்கார்ந்தோம். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். எல்லாத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே பாவிக்க வேண்டும். சுட விரும்பாத எதன் பக்கமும் குழாயைத் திருப்பக் கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விரலை உள்ளே விடக் கூடாது. பரீட்சையில் நாம் தேறினோம். முதல் மார்க்கு வாங்கியது பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. அதைப் பற்றி நம் வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் திட்டம் எழுத ஆரம்பித்தோம். இடது பக்கத்தில் 'செய்ய வேண்டியவை', வலது பக்கத்தில் 'செய்யக் கூடாதவை'. இடது பக்கம் ஒரு தாளில் முடிந்துவிட்டது. வலது பக்கம் நாலு தாளுக்கு ஓடியது. மோட்டாரில் உட்கார்ந்து சுடக் கூடாது. பொதுச் சாலையிலிருந்தோ சாலைக்குக் குறுக்காகவோ சுடக் கூடாது. சூரியோதயத்துக்கு அரை மணிக்கு முன்னாலும் அஸ்தமனத்துக்கு அரை மணிக்குப் பின்னாலும் சுடக் கூடாது. பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது ரோஜா வர்ணத்தில் மேலுடை ஒன்றாவது இல்லாமல் நடமாடக் கூடாது. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விட்டு வரக் கூடாது. இவையெல்லாம் சர்க்கார் போட்டவை. இவற்றுக்குக் கீழே நம் வீட்டார் போட்ட தடைகள் பின்னால் வரும்.

அடுத்தபடி நிலம். வயோமிங்கில் ஏறத்தாழ பாதி நிலம் ஐக்கிய சர்க்காருக்குச் சொந்தம். அதாவது, பொது ஜனங்களுக்குச் சொந்தம். அதில் பெரும்பாலான இடங்களில் எவரும் நடக்கலாம், வேட்டையாடலாம், பதினான்கு நாள் வரை இலவசமாகக் கூடாரம் அடித்துத் தங்கலாம். கேட்பதற்கு ராம ராஜ்யம் போலிருக்கிறது. ஆனால் படத்தைப் பிரித்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 1860-களில் ரெயில் பாதை போட்ட கம்பெனிக்குப் பாதையின் இரு புறத்திலும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் தானம் கொடுத்தார்கள். ஆகவே தெற்கு வயோமிங் படம் ஒரு பெரிய சதுரங்கப் பலகை. வெள்ளைக் கட்டம் தனியாருடையது. கறுப்புக் கட்டம் பொது ஜனங்களுடையது. ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து அடுத்த கறுப்புக் கட்டத்துக்குப் போக வேண்டுமானால் இரண்டும் சந்திக்கும் மூலையில், ஓர் ஊசிமுனை வழியாகத்தான் போக வேண்டும்.

2021-ல் மிஸ்ஸூரி ராஜ்யத்திலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் ஏணி ஒன்று செய்து கொண்டுவந்து, அப்படி ஒரு மூலையில் தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். பக்கத்து நிலச் சொந்தக்காரர் விடவில்லை. அத்துமீறல் வழக்கு, 2022-ல் ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள். பிறகு நஷ்ட ஈட்டு வழக்கு. 2025 மார்ச்சில் நம் டென்வர் நகரத்திலேயே இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று; அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. அடி அகலம் கூட இல்லாத ஒரு மூலைக்காக நாலு ஆண்டு! நம் ஊர் வரப்புச் சண்டைக்கு அண்ணனாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டோம்.

ஏணி தூக்கும் சக்தி நமக்கு இல்லை. ஆகையால் நண்பரும் நாமும் சதுரங்கத்தை விட்டுச் சற்று வடக்கே, காஸ்பர் நகரத்துக்குத் தெற்கே உள்ள ஷர்லி பேஸின் என்ற மைதானத்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் வீட்டிலிருந்து சுமார் நாலு மணி நேர மோட்டார்ப் பிரயாணம். அங்கும் தனியார் நிலம் உண்டு. ஆனால் பொது நிலம் அகலமாக ஒன்று சேர்ந்திருக்கும் இடங்களைப் படத்தில் மஞ்சள் பென்சிலால் குறித்துக் கொண்டிருக்கிறோம். குறித்த கோட்டைத் தாண்டுவதில்லை என்பது தீர்மானம்.

அந்த மைதானம் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மரம் என்று பேருக்கு ஒன்று கிடையாது; கண்ணுக்கெட்டிய வரையில் வாசனைப் புதர். ஆகவே விறகு இல்லை, நிழல் இல்லை, காற்றுக்கு மறைவு இல்லை. நல்ல தண்ணீர் கிடையாது. ஆளுக்கு நாளைக்கு ஒரு காலன் வீதம் குடங்களில் கொண்டு போக வேண்டும். அக்டோபரில் பகலில் சட்டையோடு நடக்கலாம். இரவில் குடத்துத் தண்ணீர் உறைந்துவிடும். மழை வந்தால் மண் பாதை களியாய்க் குழைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வானம் கறுத்தால் வேட்டையை விட்டுவிட்டுத் தார்ச் சாலைக்கு வந்துவிட வேண்டும் என்று நண்பர் இப்போதே சத்தியம் வாங்கிக் கொண்டிருக்கிறார். டெலிபோன் எட்டாத இடம். ஆகையால் செயற்கைச் சந்திரன் மூலம் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றைத் தினந்தோறும் இரவு எட்டு மணிக்கு அழுத்த வேண்டும் என்பது நம் தர்மபத்தினியின் உத்தரவு.

சாப்பாட்டு விஷயத்தில் பௌதிகம் குறுக்கிட்டது. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் நூறு பாகை வெப்பத்தில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர வேகாது. துவரம் பருப்பை அங்கே திறந்த பாத்திரத்தில் போட்டால் வேட்டைக் காலம் முடிந்த பிறகும் அது பருப்பாகவே இருக்கும். ஆகையால் கூடாரச் சாமான்களில் பிரஷர் குக்கர் ஒன்று இடம் பெற்றிருக்கிறது. முதல் இரண்டு நாளைக்குப் புளியோதரையும், எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். மற்றச் சாமான்களைப் பார்த்துப் புருவத்தைச் சுளித்த நண்பர் புளியோதரையை மட்டும் ஆட்சேபிக்கவில்லை.

துப்பாக்கி நண்பருடையது. அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் நம் கையில் வரும். சித்திரை முதல் வாரந்தோறும் சுடும் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே நமக்குக் கணக்குத்தான் துணை. முந்நூறு கஜ தூரத்தில், மணிக்கு இருபது மைல் வேகத்தில் அடிக்கும் பக்கக் காற்று எங்கள் துப்பாக்கிக் குண்டை ஓர் அடி தூரம் ஒதுக்கிவிடும். மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய இடமோ முக்கால் அடிதான். ஓர் அடி தவறினால் மான் தப்பிவிடும் என்பதல்ல. தப்பாமல், சாகாமல், வயிற்றில் குண்டோடு பத்து மைல் ஓடும். வயோமிங்கில் இருபது மைல் காற்று என்பது தென்றல். ஆகவே இருநூறு கஜத்துக்கு மேல் சுடுவதில்லை, காற்று அதிகமானால் நூறு, ஓடுகிற மானைச் சுடுவதே இல்லை என்று நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினோம்.

இருநூறு கஜத்துக்குள் எப்படிப் போவது? மறைவதற்கு மரம் இல்லை. கவைக்கொம்பனுக்குக் கண் மகா கூர்மை. தவழ்ந்துதான் போக வேண்டும். தவழும் தரையில் சப்பாத்திக்கள்ளி! நம் கிராமத்து வேலியோரம் இருக்கும் அதே ஜாதிக் கள்ளி. அதன் பூர்விகம் அமெரிக்காதான். பிள்ளைப் பிராயத்தில் நம் காலில் முள்ளேற்றிய குடும்பத்தின் தாயகத்துக்கே நாற்பது வயதுக்கு மேல் முழங்காலால் யாத்திரை போகிறோம். முழங்காலுக்குத் தோல் உறை வாங்கியாயிற்று.

இனி வீட்டார் போட்ட தடைகள்.

எங்கள் வீட்டில் மாமிசம் விலக்கல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறி உண்டு. ஆகவே தர்மபத்தினியின் நிபந்தனைகள் தத்துவத்தைச் சேர்ந்தவையல்ல. சுட்டது எதுவானாலும் கடைசித் துண்டு வரை இந்த வீட்டு இலையில் விழ வேண்டும். ஈயக் குண்டு சிதறி இறைச்சியில் கலக்கும் என்று கேள்விப்பட்டதால் தாமிரக் குண்டே உபயோகிக்க வேண்டும். கொம்பைச் சுவரில் மாட்டக் கூடாது. மூன்றுக்கும் சம்மதித்தோம். ஒரு மணி நேரத்துக்குள் தோலை உரித்து, குளிர்ந்த காற்றில் ஆறவிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டால் இந்த இறைச்சி நல்ல ருசியாக இருக்கும். வெயிலில் வண்டி மேல் போட்டு ஊர்வலம் விடுகிறவர்கள்தாம் அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தார்கள் என்பது நண்பரின் அபிப்பிராயம். இதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

பதின்மூன்று வயது மகள் பள்ளிக்கூடத்துப் புத்தகசாலையிலிருந்து கவைக்கொம்பனைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். ஒரு நாள் இரவு அதை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, இந்த மானுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை ரொம்ப உண்டாமே? முன் காலத்தில் தரையில் படுத்துக்கொண்டு ஒரு கைக்குட்டையை ஆட்டினால், என்னவென்று பார்ப்பதற்குக் கிட்டே வருமாமே? அப்படி வந்த மானைச் சுடுவீர்களா?" என்று கேட்டாள்.

அது தந்திரமே தவிரச் சட்ட விரோதமல்ல. முழங்கால் முள்ளுக்கும் அது நல்ல மாற்று. ஆனாலும் வாய் வரவில்லை. நமக்குத் தெரிந்த மிக நல்ல மாணாக்கர்கள் எல்லாரும், புரியாத ஒன்றைக் கண்டால் கிட்டே வந்து பார்த்தவர்கள்தாம். அந்தக் குணத்துக்குக் குண்டைப் பரிசாகக் கொடுப்பது உபாத்தியாயருக்கு அடுக்காது. "மாட்டோம், அம்மா" என்றோம். வலது பக்கத்தில் மேலும் ஒரு வரி ஏறிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே ஊரில் தாயார் இருக்கிறாள். வயது எழுபத்தைந்து. டெலிபோனில் விஷயத்தைச் சொன்னபோது அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அழவில்லை.

"ஏண்டா, சாப்பிடக் கொல்வது ஒன்று, பார்த்துச் சிரிக்கக் கொல்வது ஒன்று. நீ எதற்குப் போகிறாய்?" என்று கேட்டாள்.

சாப்பிடத்தான் என்றோம்.

"அதற்குக் கசாப்புக் கடை இல்லையா உங்கள் ஊரில்?"

இருபது ஆண்டுகளாக அந்தக் கடையில்தான் வாங்குகிறோம், இருபது ஆண்டுகளாக ஒரு முறையாவது அந்த ஆட்டின் முகத்தைப் பார்த்ததில்லை என்றோம். கொல்லும் வேலையை எவனோ ஒரு முகம் தெரியாத மனிதனுக்குக் கொடுத்துவிட்டு, சுத்தமான காகிதத்தில் சுற்றியதை வாங்கி வருகிறோம். ஒரு தடவையாவது அந்த வேலையை நாமே செய்து பார்க்க வேண்டும். செய்ய முடியாவிட்டால், உண்பதைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டியதுதான்.

தாயார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குட்டியோடு இருக்கிறதைத் தொடாதே" என்றாள்.

நாம் கேட்டிருப்பது ஆண் மானுக்கும் பெண் மானுக்கும் பொதுவான சீட்டு. அக்டோபரில் குட்டிகள் பால் மறந்திருக்கும். பெண் மானைச் சுட்டால்தான் மந்தை அளவாக இருக்கும் என்று இலாகா சொல்லும் பிரதேசங்களும் உண்டு. இவற்றையெல்லாம் தாயாருக்கு விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வலது பக்கத்தின் அடியில் அதையும் எழுதினோம். இப்போது அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தால், இவ்வளவையும் அநுசரித்துக்கொண்டு ஒருவர் மான் கொண்டுவருவது சாத்தியமா என்ற சந்தேகம் நண்பருக்கு வந்துவிட்டது. வெறும் பெட்டியோடு திரும்புகிறவர்களும் உண்டு என்று ஆறுதலும் சொன்னார். அப்படித் திரும்ப நேர்ந்தால் செலவு போய்விட்டதே என்று கடைசி நாள் மாலையில் தூரத்தையும் காற்றையும் மறந்து ஒரு குண்டை விட்டுப் பார்க்கும் ஆசை வருமாம். பெரும்பாலான பாவங்கள் நடப்பது அந்தக் கடைசி மாலையில்தான் என்றார். ஆகவே கடைசி நாள் மத்தியானமே கூடாரத்தைப் பிரித்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம்.

மனு மே மாதத்திலேயே போய்விட்டது. ஜூன் மாதத்தில் குலுக்கல் முடிவு தெரியும். சீட்டுக் கிடைக்காவிட்டால் 326 டாலர் திரும்பி வரும். பிற்பாடு ஒரு தொகை கட்டி அடுத்த ஆண்டுக்காக முன்னுரிமைப் புள்ளி ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளலாம். கிடைத்தால் என்ன நடந்தது என்பதை நேயர்களுக்குத் தெரிவிப்போம்.

இதற்கிடையே தினந்தோறும் காலையில் தோல் உறைகளைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பின்புறத்துப் புல்தரையில் தவழ்ந்து பழகி வருகிறோம். வேலிக்கு அப்பாலிருக்கும் கிழவர் முந்தாநாள் மிகுந்த அநுதாபத்தோடு, "ஏதாவது தொலைந்துவிட்டதா?" என்று விசாரித்தார். இன்னும் இல்லை என்று பதில் சொன்னோம்.